இரண்டு சாலையோரங்கள்

(நம் ஆஸ்பத்திரி நண்பர்களின் ஆண்டுக் கூடுகையில், வெளிநாட்டுப் பிரயாணம் சென்று வந்த ஊழியர் குழுவின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



"வெளிநாட்டில் கண்டதைச் சொல்லுங்கள், பதினைந்து நிமிஷம் போதும்" என்று செயலர் ஐயா கேட்டுக்கொண்டார். பெரிய தேவாலயங்களைப் பற்றியும், கண்ணாடி ஜன்னல்களைப் பற்றியும் சொல்வோம் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவற்றை எங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கேயே பலர் இருக்கிறீர்கள். நாங்கள் பேசப் போவது குப்பையைப் பற்றி. சாப்பாட்டுக்கு முந்தின பேச்சு இது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019 மே மாதம் நாங்கள் நால்வர் இங்கிலாந்துக்குப் போனோம். வார்டு சிஸ்டர் ஒருவர், தோல் பிரிவு டாக்டரம்மா, கணக்கு எழுதுகிற தம்பி, செருப்புப் பட்டறையில் முப்பது வருஷமாக வேலை செய்கிற அண்ணன். அண்ணன் விமானம் ஏறியது அதுவே முதல் தடவை. நம் ஆஸ்பத்திரிக்காக நெடுங்காலமாக ஜெபித்தும் கொடுத்தும் வருகிற சபைகள் அழைத்திருந்தன. மூன்று வாரம் வீடு வீடாகத் தங்கினோம். எங்களில் ஒருவருடைய பள்ளிக்கூட வாத்தியார், தான் ஒருநாளும் பார்க்காத லண்டனைப் பற்றி, "அந்த ரோட்டில் சோற்றைக் கொட்டிப் பிசைந்து சாப்பிடலாம்" என்று சொல்வாராம். அந்த எண்ணத்தோடுதான் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கினோம்.

எம்-40 என்ற நெடுஞ்சாலை வழியாக வடக்கே அழைத்துப் போனார்கள். மே மாதத்தில் அந்த நாட்டு வேலிப்புதர்கள் வெள்ளை வெளேரென்று பூத்திருக்கும். நெடுஞ்சாலையை விட்டு இறங்குகிற வளைவில் வண்டி நின்றது. புதரில் பூ என்று நாங்கள் நினைத்ததில் பாதி, கிழிந்த பாலிதீன். கீழே புல்லில் காப்பிக் கப்புகள், தகர டின்கள், பிளாஸ்டிக் புட்டிகள், ஒரு வண்டிச் சக்கரத்தின் மூடி. பட்டறை அண்ணன் ஜன்னல் வழியே வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏன் சிஸ்டர், இங்கேயும் நம்ம ஆளுங்கதான் இருக்காங்களா?" என்று கேட்டார்.

எல்லாரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்தபின் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. குப்பை போடுகிறவன் என்றால் அவன் நம்மவனாகத்தான் இருப்பான் என்று எங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? வண்டி ஓட்டிய பெரியவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. காது வரை சிவந்துபோய், "தயவுசெய்து அந்தப் பக்கம் பார்க்காதீர்கள்" என்றார். விருந்தாளி வருகிற நேரத்தில் திண்ணையில் கிடக்கும் அழுக்குத் துணியைக் காலால் உள்ளே தள்ளுவோமே, அந்த வெட்கம். அதைக் கண்டவுடன் அவர் எங்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் கதை முழுவதையும் சொன்னார். அந்த நாட்டுக்கு இது புதிய வியாதி அல்ல. 1954-இல் விமன்ஸ் இன்ஸ்டிட்யூட் என்கிற பெண்கள் சங்கம் தங்கள் ஆண்டுக் கூட்டத்தில் கிராமப்புறக் குப்பைக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. நம் சபைகளில் பெண்கள் ஐக்கிய சங்கம் இருப்பதுபோல, அங்கே ஊருக்கு ஊர் இருக்கிற சங்கம் அது. ஜாம் காய்ச்சுகிறவர்கள் என்று கேலி செய்யப்படுகிறவர்கள். அந்தத் தீர்மானத்திலிருந்து பிறந்ததுதான் 'கீப் பிரிட்டன் டைடி' என்ற இயக்கம். 1958-இல் குப்பைச் சட்டம் வந்தது. பொது இடத்தில் குப்பை போட்டால் அதிகபட்சம் 10 பவுன் அபராதம். 1990-இல் வந்த சட்டம் அதை மிகவும் கடுமையாக்கியது. நீதிமன்றத்துக்குப் போனால் 2,500 பவுன் வரை போகலாம். இவ்வளவும் இருந்தும், ஓடுகிற வண்டியிலிருந்து எறிந்தவர் ஓட்டுநரா, பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையா என்று நிரூபிக்க முடியாமல் வழக்குகள் நின்றுபோயின. ஆகவே 2018-இல் வண்டியின் சொந்தக்காரரிடமே அபராதம் வாங்கலாம் என்று விதி செய்தார்கள். "அப்படியானால் ஏன் இன்னும் கிடக்கிறது?" என்று கணக்குத் தம்பி கேட்டான். "இரவு பதினொரு மணிக்கு அந்த வளைவில் யார் நின்று பார்ப்பது?" என்றார் பெரியவர்.

அள்ளுவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. மோட்டார் நெடுஞ்சாலையின் ஓரம் ஒரு துறையின் பொறுப்பு. அதிலிருந்து இறங்கினால், பெரும்பாலான ரோடுகளின் ஓரம் உள்ளூர் கவுன்சிலின் பொறுப்பு. வேகமாக வண்டி போகிற ரோட்டில் ஆள் இறங்கி அள்ள வேண்டுமானால் ஒரு பக்கத்தையே அடைக்க வேண்டும். அதற்குச் செலவு, அதற்கு அனுமதி. எங்கள் தாலுகா அலுவலகக் கதையைக் கேட்பதுபோலவே இருந்தது.

ஒன்று மட்டும் அவர்களுக்கு நன்றாகப் பலித்திருந்தது. 2015 அக்டோபரில், இங்கிலாந்தின் பெரிய கடைகளில் இலவசமாகக் கொடுத்துவந்த பாலிதீன் பைக்கு 5 பென்ஸ் விலை வைத்தார்கள். வேல்ஸ் பகுதியில் அதற்கும் முன்பே, 2011-இல். பெரிய கடைகளில் பை விற்பனை நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் விழுந்துவிட்டதாம். ஆயிரக்கணக்கான பவுன் அபராதம் செய்யாததை ஐந்து காசு செய்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்ப வருவோம்.

சனிக்கிழமை காலை அந்தக் கிராமத்தில் குப்பை பொறுக்கும் நாள். எங்களையும் கூப்பிட்டார்கள். ரோடு போடுகிறவர்கள் அணிகிற மஞ்சள் மேல்சட்டை, கையுறை, நீளக் கைப்பிடி வைத்த இடுக்கி எல்லாம் கொடுத்தார்கள். வந்திருந்தவர்கள் சுமார் இருபது பேர். சபையின் போதகர், ஓய்வுபெற்ற அறுவை சிகிச்சை டாக்டர் ஒரு அம்மா, ஒரு வங்கி அதிகாரி, இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள், எங்கள் பெரியவர். அந்த டாக்டர் அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. அவர் பள்ளத்தில் இறங்கி, குழந்தைக்குக் கட்டிப் போட்ட அசிங்கமான டயபர் ஒன்றை இடுக்கியால் எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டு, தான் பாடிக்கொண்டிருந்த பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

நாங்கள் அங்கே என்னென்ன பொறுக்கினோம் என்று பட்டியல் போட வேண்டாம். இரண்டை மட்டும் சொல்கிறோம். நாயின் மலத்தைப் பாலிதீன் பையில் அள்ளி, அழகாக முடிச்சுப் போட்டு, பிறகு அந்தப் பையைக் கொண்டுபோய் மரக்கிளையில் தொங்கவிட்டுப் போகிற பழக்கம் அங்கே சிலருக்கு இருக்கிறது. பாதி தூரம் நல்லவர்களாக வந்து நின்றுவிட்டார்கள்! இன்னொன்று, ஒரு கண்ணாடிப் புட்டி. அதற்குள் மூஞ்சூறு போன்ற சின்னப் பிராணி செத்துக் காய்ந்து கிடந்தது. புட்டிக்குள் நுழைந்தால் வழுக்கும் சுவரில் ஏறி வெளியே வர முடியாதாம். இப்படி நிறையச் சாகின்றன என்று போதகர் சொன்னார்.

இப்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். போட்டவர்களைக் கண்டு நாங்கள் ஆச்சரியப்பட்டதைவிட, பொறுக்கினவர்களைக் கண்டு ஆச்சரியப்பட்டதுதான் அதிகம். எங்களில் மூன்று பேர் இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தோம். சீழ் துடைத்த கை எங்கள் கை. புழு வைத்த புண்ணைக் கழுவியிருக்கிறோம். அதற்கெல்லாம் கூசாத கை, ரோட்டில் கிடந்த ஒரு சிகரெட் பெட்டிக்குக் கூசியது. ஆஸ்பத்திரிக்குள் செய்தால் அது ஊழியம். ரோட்டில் செய்தால் அது ஒரு ஜாதியின் வேலை. இந்தக் கணக்கு எங்களுக்குள் எழுதி வைக்கப்பட்டிருந்தது எங்களுக்கே அன்றுதான் தெரிந்தது. முதலில் குனிந்தவர் பட்டறை அண்ணன். ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் வரை நான்கு பைகள் நிரப்பினார்.

அன்று இரவு அவர் எங்களிடம் சொன்னார்: "இங்கே யார் பொறுக்கினாலும் அவங்க பேர் மாறல சிஸ்டர். டாக்டர் பொறுக்கினா டாக்டர்தான். ஐயர் பொறுக்கினா ஐயர்தான். நம்ம ஊர்ல பொறுக்கினா, அதுவே பேராயிடும்." தோல் தைக்கிற குடும்பத்தில் பிறந்தவர் அவர். வேறு விளக்கம் வேண்டியதில்லை.

மறுநாள் ஆராதனையில் போதகர் ஐயாயிரம் பேருக்கு உணவளித்த சம்பவத்தைப் பற்றிப் பேசினார். நாம் எப்போதும் அப்பத்தையும் மீனையும் பற்றியே கேட்டிருக்கிறோம். அவர் பேசியது முழுவதும் மீதியைச் சேர்த்த பன்னிரண்டு கூடைகளைப் பற்றி. புல்வெளியில் ஒன்றும் விடாமல் பொறுக்கி எடுத்தவர்கள் சீஷர்கள்தானே என்றார். நாங்கள் நால்வரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்தவர்கள் ஜெபிக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

ஆராதனை முடிந்து, தேநீர் வேளையில் எங்களிடம் கேள்வி கேட்கச் சொன்னார்கள். வெள்ளைக்காரர்கள் நம் ஊர் அசுத்தத்தைப் பற்றிக் கேட்பார்கள், என்ன பதில் சொல்வது என்று நாங்கள் முன்னதாகவே பேசி வைத்திருந்தோம். 1970-களில் தென்னிந்தியாவில் நர்ஸாக ஊழியம் செய்த ஒரு வயதான அம்மா எழுந்தார். "நான் இருந்த காலத்தில் உங்கள் சாலையோரங்களில் குப்பையே கிடையாது. 2017-இல் திரும்ப வந்து பார்த்தபோது அழுதுவிட்டேன். என்ன ஆயிற்று உங்களுக்கு?" என்று கேட்டார். நாங்கள் தயார் செய்து வைத்திருந்த பதில் எதுவும் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

அவரே நினைவுபடுத்தினார். பூ வாழை நாரில் கட்டி இலையில் வரும். கறி தேக்கு இலையில் வரும். இட்லி பார்சல் வாழை இலையில், மேலே செய்தித்தாள். டீ கண்ணாடி டம்ளரில். எண்ணெய் வாங்க வீட்டிலிருந்தே தூக்குச்சட்டி போகும். சாப்பிட்டு முடித்த இலையைச் சன்னல் வழியே எறிந்தால் ஆடு தின்றது, மாடு தின்றது, மீதி மண்ணாயிற்று. எறிகிற பழக்கம் அப்போதும் இருந்தது. பழக்கம் மாறவில்லை, எறிகிற பொருள் மாறிவிட்டது. ஷாம்பு பாக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கடலூர் சின்னி கிருஷ்ணன், ஏழையும் வாங்கட்டும் என்று சின்னச் சின்னப் பாக்கெட்டில் விற்கத் துணிந்தவர். ஒரு புட்டி வாங்க வசதியில்லாத வீட்டுப் பெண்ணும் ஷாம்பு போட்டுக் குளித்தாள். அது நல்ல காரியம்தான். அந்தக் காலி உறையை எந்த ஆடும் தின்னாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த அம்மாவின் கண்ணில் நாம் சுத்தமாக இருந்து கெட்டுப்போனவர்கள். எங்கள் வாத்தியாரின் கண்ணில் அவர்கள் என்றைக்குமே சுத்தமானவர்கள். காரில் அழைத்து வந்த பெரியவர் கண்ணில் அவருடைய நாடே குப்பைத்தொட்டி. நம் ஊருக்கு வந்து போன அவருடைய பேரன் வேறு ஒன்று சொன்னான்: "உங்கள் ஊரில் காலிப் புட்டி அரை மணி நேரம் தரையில் கிடக்காது, யாராவது எடுத்து விற்றுவிடுகிறார்கள். உங்கள் வீடுகளின் வாசல் எங்கள் வாசலைவிடச் சுத்தம். தினமும் பெருக்கிக் கோலம் போடுகிறீர்கள்." உண்மைதான். பெருக்கியதை எங்கே தள்ளுகிறோம் என்று அந்தப் பையன் மரியாதைக்குக் கேட்கவில்லை.

ஊர் திரும்பினோம். அந்த 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்திருந்தது. தடை வந்து ஐந்து மாதம் ஆன பிறகும் நம் ஆஸ்பத்திரி வாசலில் டீ பாலிதீன் பையில்தான் கட்டிக் கொடுக்கப்பட்டது. நாங்கள் திரும்பி வந்த வாரத்திலேயே எங்களிடம் ஒரு நோயாளி வந்தார். அவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கே அர்த்தமில்லை.

உங்களில் பலருக்குத் தெரியும், தொழுநோய்க் கிருமியை மருந்து கொன்றுவிடும். ஆனால் செத்துப்போன நரம்பு பெரும்பாலும் உயிர்த்து வருவதில்லை. விரல்கள் அழுகி விழுகின்றன என்று உலகம் நினைத்திருந்த காலத்தில், 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் அது அப்படியல்ல என்று காட்டினார். 1914-இல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்த மிஷனரி மகன் அவர். வலி தெரியாததால் அடிபடுகிறார்கள். அடிபட்டது தெரியாததால் அதன் மேலேயே நடக்கிறார்கள். புண் எலும்பு வரை போகிறது. காலைக் காப்பாற்ற வேண்டுமானால் தரையிலிருந்து காப்பாற்ற வேண்டும். எம்.சி.ஆர். செருப்பு என்று நம் பட்டறையில் தைக்கிறோமே, அந்த மிருதுவான ரப்பர் செருப்பின் பின்னால் இருப்பது இந்த அறிவுதான். இன்று சர்க்கரை நோயாளிகளில் பலருக்கும் பாதம் இதே நிலைமைதான்.

வந்தவர் எங்களுக்குப் பல வருஷமாகத் தெரிந்தவர். குணமானவர், ஆடு மேய்த்துப் பிழைக்கிறவர். காலில் எங்கள் செருப்புதான். ரோட்டோரப் புல்லில் உடைத்துப் போட்டிருந்த மதுப் புட்டியின் அடிப்பாகம் செருப்பைத் துளைத்து உள்ளே போயிருந்தது. அவருக்குத் தெரியவில்லை. மூன்று நாள் அதோடு நடந்திருக்கிறார். வீட்டில் துர்நாற்றம் வந்த பிறகுதான் மகள் காலைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். முன்பாதத்தை எடுக்க வேண்டியதாயிற்று. பட்டறை அண்ணன் அந்தச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் ரப்பரை எவ்வளவு கெட்டியாப் போடறது?" என்று எங்களைக் கேட்டார்.

இங்கிலாந்தின் அந்த வளைவு அப்போதுதான் எங்களுக்கு வேறுமாதிரி விளங்கியது. அங்கே மோட்டார் நெடுஞ்சாலையின் ஓரத்தில் மனிதர் நடக்கவே கூடாது, சட்டமே இல்லை என்கிறது. காரிலிருந்து எறிகிற புட்டியால் சாவது மூஞ்சூறு. அது பரிதாபம்தான். நம் ஊரில் சாலையோரம்தான் நடைபாதை. பள்ளிக்குப் போகிற பிள்ளை, தலைச்சுமைக்காரி, ஆடு மேய்க்கிறவர், ஆஸ்பத்திரிக்கு வரப் பஸ் கிடைக்காதவர் எல்லாரும் நடப்பது அங்கேதான். வண்டியில் போகிறவர் எறிகிறார், வெறுங்காலோடு போகிறவர் மிதிக்கிறார். ஒரே புட்டி, இரண்டு சாலையோரம்.

அந்த ஜூலையில் சனிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரி கேட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை பொறுக்கத் தொடங்கினோம். பெருமையாகத் தொடங்கினோம் என்பதையும் ஒத்துக்கொள்கிறோம். முதல் வாரமே இரண்டு அடி வாங்கினோம். ஒன்று, மிகப் பெரிய குவியல் எங்கள் கேட்டுக்கு நேர் எதிரே இருந்தது. நம் நோயாளிகளின் உறவினர் போட்ட பார்சல் பைகளும், நம் கேன்டீனில் நாங்களே வாங்கிக் கொடுத்த டீ கப்புகளும். ஊரைத் திருத்தப் போனவர்கள் முதலில் கேன்டீன் பொறுப்பாளரைப் பார்க்கப் போக வேண்டியதாயிற்று. (எவர்சில்வர் டம்ளர் வந்துவிட்டது. திருட்டும் கொஞ்சம் போகிறது. கணக்குத் தம்பி அதற்கென்று ஒரு தனிப்பத்தி வைத்திருக்கிறான்.)

இரண்டாவது, அந்த ரோட்டைப் பெருக்குகிற அக்கா. எங்களைப் பார்த்ததும் அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தோம். அவர் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்கும்மா போட்டோ புடிக்கிறீங்க? மேலே குடுத்து எங்க வேலைய எடுக்கவா?" என்று கேட்டார். தினக்கூலி, ஒப்பந்தக்காரர் கையில் பிழைப்பு. நாங்கள் பொறுக்கினது அவர் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்குச் சாட்சியாகிவிடுமே என்ற பயம். அவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எங்கள் நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இங்கிலாந்துப் பெரியவரிடம் ஒரு இரவு முழுக்கக் கேள்வி கேட்டவர்கள் நாங்கள்!

அதன்பிறகு அவர் சொன்னபடிதான் செய்தோம். கண்ணாடி தனி, மற்றது தனி. கண்ணாடியைச் சாக்கில் கட்டி, மேலே சாக்பீஸால் எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் பையில் கையை விடுகிறவர் அவர்தான். டயரும் தேங்காய்த் தொட்டியும் கவிழ்த்துப் போட வேண்டும். ஏடிஸ் கொசுவின் முட்டை தண்ணீர் இல்லாமலே பல மாதம் காத்திருக்கும், மழை பெய்து தண்ணீர் தேங்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் டெங்கு பரப்பும் கொசுவாகிவிடும் என்று டாக்டரம்மா விளக்கினார். அக்காவுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. அவருடைய பையன் டெங்குவில் பிழைத்தவன். 2020-இல் அரசு 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியபோது வாழ்த்துச் சொன்னோம். "பேர மாத்துனாங்க. வண்டிச் சக்கரத்த மாத்தல" என்றார். கொரோனாக் காலத்தில் நாங்கள் நிறுத்திவிட்டோம். அவர் நிறுத்தவில்லை.

2023-இல் எங்களில் இருவர் சிங்கப்பூரிலுள்ள தமிழ்ச் சபை ஒன்றுக்குப் போனோம். அதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். லீ குவான் யூ 1968-இல் தொடங்கிய தூய்மை இயக்கத்தின் ஊர். 1992 முதல், குப்பை போட்டுப் பிடிபட்டவர்கள் பளிச்சென்ற மேலாடை போட்டுக்கொண்டு எல்லார் முன்னிலையிலும் குப்பை அள்ள வேண்டும் என்று தண்டனை இருக்கிறது. யோசித்துப் பாருங்கள்: இங்கிலாந்தில் போதகர் விரும்பி அணிந்த அதே சட்டை, இங்கே தண்டனை. சாப்பாட்டுக் கடையில் தட்டை மேஜையிலேயே விட்டு எழுந்த எங்களை உபசரித்தவர் பதறித் தடுத்தார். 2021 செப்டம்பர் முதல் அவரவர் தட்டை அவரவரே திரும்ப வைக்காவிட்டால் அதற்கும் நடவடிக்கை உண்டு. "நம்ம ஊருக்கு இதுதான் சரி" என்று கணக்குத் தம்பி உற்சாகமானான். அவர் சிரித்து, "விடிகாலை அஞ்சு மணிக்கு எழுந்து வாங்க, காட்டுறேன்" என்றார். காட்டினார். எங்கள் பெற்றோர் வயதுள்ளவர்கள் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் பங்களாதேஷிலிருந்து வந்த இளைஞர்கள். "நாங்க சுத்தமானவங்க இல்ல, சுத்தம் செய்யப்படுறவங்க" என்றார். சபைக்கு வந்திருந்த கட்டடத் தொழிலாளித் தம்பி ஒருவன், புதுக்கோட்டைப் பக்கம், வெளிப்படையாகவே சொன்னான்: "இங்கே மிட்டாய்த் தாளக்கூட பாக்கெட்லதான் போடுவேன்க்கா. திருச்சி ஏர்போர்ட்ல இறங்குனா முதல் வேலையா பாக்கெட்ட காலி பண்ணுவேன்."

ஐந்து காசு பையைப் பற்றி நினைவில் வைக்கச் சொன்னோம். 2022 மே மாதம், நீதிமன்ற உத்தரவின் பேரில், நீலகிரியில் மதுப் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திரும்பக் கொடுத்தால் அதைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு வேறு மாவட்டங்களுக்கும் அது போயிற்று. மதுக்கடையைப் பற்றி இந்த மேடையில் நல்ல வார்த்தை சொல்வோம் என்று நாங்களும் நினைக்கவில்லை. அந்தக் கடையே இல்லாதிருந்தால் இன்னும் நல்லது. ஆனாலும் உடைத்தால் பத்து ரூபாய் போகும் என்று தெரிந்தவன் உடைப்பதில்லை. உடைபடாத ஒவ்வொரு புட்டியும் எங்களுக்கு ஒரு பாதம். ஜெர்மனியில் 2003 முதல் தண்ணீர்ப் புட்டிக்கும் தகர டின்னுக்கும்கூட இப்படி 25 சென்ட் பிடித்து வைக்கிறார்கள். நம் ஊரில் பழைய பேப்பர் அண்ணன் சைக்கிளில் வந்து செய்துகொண்டிருந்த காரியம்தான் இது.

2024 பிப்ரவரியில் அந்த இங்கிலாந்துப் பெரியவர் நம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். உங்களில் சிலர் அவரைச் சந்தித்தீர்கள். சனிக்கிழமை காலை அவரும் இடுக்கியோடு வந்தார். அக்கா அவர் கையிலிருந்த பையை வாங்கிப் பார்த்து, கண்ணாடியையும் மற்றதையும் கலந்துவிட்டதற்காகத் தமிழிலேயே திட்டினார். அவர் தலையாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பிரித்தார்.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து மாடி வீட்டுக்காரர், ஐந்து வருஷமாக எங்களைப் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், அன்று செருப்புகூடப் போடாமல் கீழே ஓடி வந்தார். "ஐயோ, நீங்க போய் இதெல்லாம் தொடலாமா? குடுங்க சார்" என்று பெரியவர் கையிலிருந்த பையைப் பிடுங்கினார். பையைப் பிடுங்கியவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் நடுரோட்டில் நின்றார். பட்டறை அண்ணன் அவருடைய வெறுங்காலைப் பார்த்து, "பார்த்து நில்லுங்க சார், கண்ணாடி இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுக் கதவு திறக்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் கேட்டுக்கு வெளியே ஒரு சாக்கு கட்டி வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் சாக்பீஸால் 'கண்ணாடி' என்று எழுதியிருந்தது.